முப்பதாம் நாளும் தொண்ணூறாம் நாளும்

பொருளாதாரம் படுத்துவிட்டால் கடைகள் நஷ்டத்தால் மூடப்படுகின்றன என்றுதான் பேச்சு. கணக்குப் புத்தகத்தைப் பிரித்தால் வேறு காரணம் தெரியும். குறிப்பிட்ட ஒரு தேதியில் கொடுத்தே ஆக வேண்டிய பணம் அன்று கையில் இருக்காது. அவ்வளவுதான். அந்த மாதம் லாபம் காட்டிய கடையும் இப்படி மூடியதுண்டு. இரண்டு வருஷம் நஷ்டத்தில் ஓடிய கடை ரொக்கத்தைக் கட்டிக்காத்துப் பிழைத்ததும் உண்டு. சிங்கப்பூரில் தேக்காவிலும் சிராங்கூன் ரோட்டுச் சந்துகளிலும் தொழில் நடத்தும் நம் ஆட்களுக்கு இந்தக் கணக்கை ஒருமுறை விளக்கமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

லாபமும் ரொக்கமும் எப்படிப் பிரிகின்றன என்பதை எண்ணிலேயே பார்த்துவிடலாம். இது உதாரணக் கடைதான். மாத விற்பனை 100,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பாதி கைக்காசு, பாதி சாப்பாட்டுக் கடைகளுக்கும் கேட்டரிங்காரர்களுக்கும் 30 நாள் கடனில் போகிறது. சரக்குக் கொள்முதல் 75,000. மொத்த வியாபாரி தருவதும் 30 நாள் கடன். வாடகை, சம்பளம், மசேநிதி (மத்திய சேம நிதி), வெளிநாட்டு ஊழியர் தீர்வை, மின்சாரம் எல்லாம் சேர்த்து 22,000. மாதம் 3,000 மிஞ்சும். சுமாரான, ஆனால் நிம்மதியான கடை.

மந்தம் வருகிறது. விற்பனை 20 விழுக்காடு குறைந்து 80,000 ஆகிறது. கொள்முதல் 60,000. மிஞ்சும் 20,000, செலவு 22,000. மாத நஷ்டம் 2,000. இதைப் பார்த்து, 'கையில் 50,000 இருக்கிறது, இரண்டு வருஷம் தாக்குப்பிடிக்கலாம்' என்று முதலாளி கணக்குப் போடுவார். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

30 நாளில் கொடுத்துக்கொண்டிருந்த கேட்டரிங்காரர் இப்போது 75 நாளில் கொடுக்கிறார். அவருக்கும் விருந்துகள் இல்லை. மாதம் 40,000 கடன் விற்பனை, இரண்டரை மாத நிலுவை: வெளியே நிற்கும் பணம் 50,000 ஆக இருந்தது 100,000 ஆகிறது. அதே சமயம் மொத்த வியாபாரி பயந்துபோய் 30 நாள் கடனை 15 நாளாகக் குறைக்கிறார். முன்பு அவருடைய பணம் 75,000 நம் கடையில் சுழன்றது. இனி 30,000 மட்டுமே. ஒரு பக்கம் 50,000 மாட்டிக்கொண்டது, மறுபக்கம் 45,000 ஆதரவு போனது. நஷ்டம் மாதம் 2,000 என்று புத்தகம் சொல்லும்போது, மூன்று மாதத்துக்குள் 95,000 வெள்ளி மறைந்துவிடுகிறது. கையிருப்பு 50,000 முதல் மாதத்தைத் தாண்டுவதே சிரமம்.

இதன் மேல் பொருள் சேவை வரி. இன்வாய்ஸ் போட்டவுடனே 9 விழுக்காடு கணக்கில் ஏறிவிடும். வாடிக்கையாளர் கொடுத்தாரா இல்லையா என்பது வரிக்குப் பொருட்டில்லை. வெளியே நிற்கும் 100,000-க்கு 9,000 வெள்ளி வரி நாம் கைக்காசைப் போட்டுக் கட்டுகிறோம். இதற்கு இரண்டு வழி உண்டு, இரண்டையும் பலர் பயன்படுத்துவதில்லை. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத தொழில், பணம் கைக்கு வந்த பிறகே வரி கட்டும் ரொக்கக் கணக்குத் திட்டத்துக்கு உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். நம் உதாரணக் கடை விற்பனை விழுந்ததால் ஆண்டுக்கு 960,000-க்கு வந்துவிட்டது. இப்போது அதற்குத் தகுதி உண்டு. (கொள்முதலில் கட்டிய வரியையும் மொத்த வியாபாரிக்குப் பணம் கொடுத்த பிறகுதான் திரும்பக் கேட்க முடியும். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.) இரண்டாவது, 12 மாதம் ஆகியும் வராத கடனுக்கும், வாங்கியவர் நொடித்துப்போன கடனுக்கும் கட்டிய வரியைத் திரும்பப் பெறும் வாராக்கடன் நிவாரணம்.

சரக்கிலும் பணம் உறையும். அரிசி இறக்குமதி செய்பவர்களுக்கு இது இன்னும் கடுமை. அரிசிக் கையிருப்புத் திட்டத்தில் இருப்பவர்கள், ஒப்புக்கொண்ட மாத இறக்குமதி அளவின் இரண்டு மடங்கைக் கிடங்கில் வைத்திருக்க வேண்டும். விற்பனை குறைந்தாலும் அந்தக் கடமை தானாகக் குறையாது. மாத அளவையே மாற்றிக்கொள்ள முன்கூட்டியே பேச வேண்டும். சில்லறைக் கடையில் செய்ய வேண்டியது எளிது: நகராத சரக்கை முதல் மாதத்திலேயே அடக்க விலைக்குத் தள்ளிவிடுவது. பொங்கலுக்கு, தீபாவளிக்கு என்று காத்திருக்கும் மூட்டை அதுவரை வாடகையும் தின்னும், வட்டியும் தின்னும்.

பதின்மூன்று வாரத் தாள்

மந்தத்தில் மாதக் கணக்கு போதாது. பதின்மூன்று வாரத்துக்கு, வாரத்துக்கு ஒரு கட்டம் போட்ட தாள் வேண்டும். மேலே வார ஆரம்ப ரொக்கம். அடுத்து வரவு, இரண்டு வரிசையாக. 'நிச்சயம்' என்ற வரிசையில் கல்லாவில் விழும் விற்பனை மட்டும். 'வந்தால்' என்ற வரிசையில் கடன் வசூல். கடன் வசூலை இன்வாய்ஸ் தேதியில் எழுதக்கூடாது. அந்த ஆள் கடைசி மூன்று முறை எத்தனை நாளில் கொடுத்தார் என்று பார்த்து, அந்த நாளில் எழுத வேண்டும். கீழே செலவுகள், கொடுக்க வேண்டிய உண்மையான தேதியோடு. 'வந்தால்' வரிசையைப் பாதியாக வெட்டியபின் எந்த வாரத்தில் ரொக்கம் சுழியத்துக்குக் கீழே போகிறதோ, அதுதான் நம்முடைய தேதி. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு வாரத்தைக் கழித்து ஒரு வாரத்தைச் சேர்க்க வேண்டும்.

நகரத்தார் கணக்கில் இதற்கு உறவான பழக்கம் ஒன்று இருந்தது. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் பெட்டிக்கு முன் சம்மணமிட்டு உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள், பேரேட்டைச் சுருக்கி ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். யாரிடம் எவ்வளவு நிற்கிறது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும். ஆனால் நிற்கும் பணம் எப்போது வரும் என்பதை எந்த ஐந்தொகையும் காட்டாது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனபோது மலாயாவில் கடன் திரும்பவில்லை. பதிலுக்குத் தோட்டங்கள் கைக்கு வந்தன, வாங்க ஆளில்லாத தோட்டங்கள். சொத்து நிறைய, ரொக்கம் இல்லை. கடன் கொடுத்தவரையும் தேதி விடவில்லை.

தாளில் எழுதும் எல்லாத் தேதியும் ஒரே ரகம் அல்ல. சம்பளம், சம்பள காலம் முடிந்து 7 நாளுக்குள் கொடுபட வேண்டும். இது வேலை நியமனச் சட்டம். மசேநிதிச் சந்தா அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள். தாண்டினால் மாதம் 1.5 விழுக்காடு வட்டி. ஊழியர் சம்பளத்தில் பிடித்த பங்கைக் கட்டாமல் கடைக்குப் பயன்படுத்துவது தனிக் குற்றம், அதை யாரும் 'தற்காலிகக் கைமாற்று' என்று நினைத்துவிட வேண்டாம். வெளிநாட்டு ஊழியர் தீர்வை ஜைரோவில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் முறை) 17ஆம் தேதி போகும். அது தவறினால் அபராதத்தோடு நிற்காது. வேலை அனுமதிச் சீட்டே ரத்தாகலாம், சமையல்காரர் இல்லாத சாப்பாட்டுக் கடை அன்றே மூடியதுபோல்தான். பொருள் சேவை வரி, காலாண்டு முடிந்து ஒரு மாதத்தில். தாமதத்துக்கு உடனே 5 விழுக்காடு. ஆனால் வருவாய் ஆணையத்திடம் கெடு தாண்டும் முன்பே தவணை கேட்டு எழுதலாம். எழுதாமல் இருப்பதுதான் தவறு.

வாடகை, மொத்த வியாபாரி, வங்கி: இந்த மூன்றும் பேசி நகர்த்தக்கூடியவை. வாடகையை நகர்த்தலாம் என்பதற்காக அது பல்லில்லாதது என்று நினைக்கக்கூடாது. கடை உரிமையாளர் நீதிமன்ற ஆணை பெற்று, 12 மாதம் வரையிலான பாக்கிக்குக் கடைக்குள் இருக்கும் பொருள்களைப் பறிமுதல் செய்ய முடியும். அரிசி மூட்டையும் குளிர்பதனப் பெட்டியும் போன பிறகு பேச எதுவும் மிஞ்சாது. பேசப் போகும்போது 'குறைத்துக்கொடுங்கள்' என்று பொதுவாகக் கேட்பதைவிட, மூன்று மாத முன்பணத்தில் ஒரு மாதத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்வது, அல்லது ஆறு மாதத்துக்கு அடிப்படை வாடகையைக் குறைத்து விற்பனையில் ஒரு பங்கு தருவதாகச் சொல்வது எடுபடும். ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். 'தள்ளுபடி' என்றும் 'தள்ளிவைப்பு' என்றும் இரண்டு சொற்கள் உண்டு. வாயால் பேசும்போது இரண்டும் ஒன்றுபோல் கேட்கும், கடிதத்தில் வேறு.

2020-ல் சட்டமே வாடகை நிவாரணம் தந்தது. தகுதியுள்ள சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு, வணிகச் சொத்துகளில் நான்கு மாதம் வரை. அதில் உரிமையாளர் சுமக்க வேண்டிய கூடுதல் பகுதியைப் பெற, அந்த ஏப்ரல், மே மாதச் சராசரி வருமானம் முந்தைய ஆண்டைவிட 35 விழுக்காடாவது விழுந்திருப்பதைக் காட்ட வேண்டும். முந்தைய ஆண்டுக் கணக்கை மாதவாரியாக எழுதி வைக்காதவர் அந்த 35-ஐ எதைக் கொண்டு காட்டுவார்? நல்ல காலத்தில் எழுதும் கணக்குக்குக் கெட்ட காலத்தில்தான் விலை.

வங்கி எப்படிப் பார்க்கிறது

வங்கி அதிகாரி நம்மிடம் முகம் மாறிப் பேசினால் மனசு வலிக்கும். அவருடைய மேசைக்குப் பின்னால் ஒரு கணக்கு ஓடுகிறது. 2018 முதல் இங்குள்ள வங்கிகள், கடன் மூழ்கிய பிறகு நஷ்டம் எழுதுவதில்லை. எதிர்பார்க்கும் நஷ்டத்தை முன்கூட்டியே ஒதுக்குகின்றன. ஒழுங்காகக் கட்டும் கடனுக்கு அடுத்த 12 மாதத்தில் வரக்கூடிய நஷ்டத்துக்கு மட்டும் ஒதுக்கினால் போதும். தவணை 30 நாள் தாண்டிவிட்டால், பொதுவாக அந்தக் கடன் இரண்டாம் படிக்குப் போகும். கடனின் முழு ஆயுளுக்கும் ஒதுக்க வேண்டும். ஒதுக்கீடு பல மடங்காகும். 90 நாள் தாண்டினால் தவறிய கடன். அதன் பிறகு கோப்பு நமக்குப் பழக்கமான அதிகாரியிடம் இருக்காது. மீட்புப் பிரிவுக்குப் போய்விடும். அங்கே இருப்பவருக்கு நம் கடையைத் தெரியாது, பிணையின் விலை மட்டும் தெரியும்.

ஆகவே வங்கியிடம் போக வேண்டிய நாள், முதல் தவணை தவறுவதற்கு முன். பதின்மூன்று வாரத் தாள் எட்டாம் வாரத்தில் பள்ளம் காட்டினால், இந்த வாரமே போக வேண்டும். கொண்டுபோக வேண்டியவை: அந்தத் தாள், யார் எத்தனை நாள் பாக்கி என்ற பட்டியல், ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, ஏற்கெனவே எதை வெட்டினோம் என்ற ஒரு பக்கம். கேட்பதும் துல்லியமாக இருக்க வேண்டும். 'உதவி செய்யுங்கள்' என்பது வங்கிப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் உட்காராது. 'ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டுகிறேன், தவணைக் காலத்தை ஆறு மாதம் நீட்டுங்கள்' என்பது உட்காரும். 200,000 வெள்ளி பாக்கி, 7 விழுக்காடு, 36 மாதம் என்றால் தவணை சுமார் 6,175. வட்டி மட்டும் என்றால் 1,167. மாதம் 5,000 வெள்ளி மூச்சு. அதற்கு விலை, ஆறு மாதக் கூடுதல் வட்டி 7,000. நம் உதாரணக் கடைக்கு இது வாங்கத்தக்க மூச்சு. வசூலே திரும்பாத கடைக்கு வெறும் 7,000 வெள்ளி கூடுதல் கடன்.

ஓவர்டிராஃப்ட் வேறு ரகம். கேட்டவுடன் திருப்ப வேண்டும் என்ற வரி அதன் ஒப்பந்தத்தில் இருக்கும். மந்தத்தில் வங்கி முதலில் வெட்டுவது பயன்படுத்தாமல் கிடக்கும் வரம்பைத்தான். அவசரத்துக்கு அது இருக்கிறது என்று தாளில் எழுதக்கூடாது. இன்வாய்ஸை வைத்து வாங்கும் கடனும் அப்படியே: இன்வாய்ஸ் மதிப்பில் 80 விழுக்காடு கிடைக்கும் என்று சந்தோஷப்படுவோம்; வாங்கியவர் கெடுவில் கொடுக்காவிட்டால் வங்கி அந்த 80-ஐ நம்மிடமே திரும்பக் கேட்கும்.

அரசாங்கம் இடர்ப்பங்கு (கடன் மூழ்கினால் வரும் நஷ்டத்தில் ஒரு பகுதி) ஏற்கும் கடனைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இன்னும் இருக்கிறது. 2020-ல் தற்காலிக இணைப்புக் கடனுக்கு உச்சவரம்பு 50 லட்சம் வெள்ளி, வட்டி 5 விழுக்காட்டுக்கு மேல் போகாது, இடரில் 90 விழுக்காடு அரசாங்கத்துடையது. அதனால் 10 விழுக்காடு கட்டினால் போதும் என்று நினைத்தவர்கள் உண்டு. இடர்ப்பங்கு வங்கிக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலானது. கடன் வாங்கியவர் 100 விழுக்காடும் கட்ட வேண்டும்.

வட்டியைப் பற்றியும் ஒன்று. சிங்கப்பூர் நாணய ஆணையம் மற்ற நாடுகளின் மத்திய வங்கிபோல் வட்டியை அறிவிப்பதில்லை. வெள்ளியின் மாற்று மதிப்பை வைத்தே கொள்கை நடத்துகிறது. 2020 மார்ச்சில் அது தளர்த்தியதும் மாற்று மதிப்பின் ஏற்றத்தைத்தான். இங்குள்ள வட்டி பெரும்பாலும் அமெரிக்க வட்டியின் பின்னால் போகும். ஆணையம் வட்டியைக் குறைக்கும் என்று காத்திருந்து கடன் முடிவைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை.

நாம் கையெழுத்திட்ட தாள்

பிரைவேட் லிமிடெட் என்று பதிந்துவிட்டோம், கடை போனால் கம்பெனியோடு போகும், வீட்டுக்கு வராது என்ற நம்பிக்கையை, கம்பெனிக் கடனுக்காக நாம் வங்கியிடம் கையெழுத்திட்டுக் கொடுத்த தனிநபர் உத்தரவாதக் கடிதம் உடைத்துவிடும். தயவுசெய்து அதை எடுத்துப் படியுங்கள். தேட வேண்டியவை மூன்று. இந்தக் கடனுக்கு மட்டுமா, அல்லது கம்பெனி அந்த வங்கிக்குக் கொடுக்க வேண்டிய 'எல்லாப் பணத்துக்குமா'? உச்சத்தொகை எழுதியிருக்கிறதா? 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று இருக்கிறதா? மூன்றாவது இருந்தால், இரண்டு பேர் கையெழுத்திட்டிருந்தாலும் வங்கி ஒருவரிடமே முழுத்தொகையையும் கேட்கலாம். மனைவியோ அண்ணனோ வெறும் இயக்குநர் பெயருக்காகக் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர்களும் இதற்குள்தான். இயக்குநர் பதவியை விட்டாலும், பங்கை விற்றாலும் உத்தரவாதம் தானாகக் கழியாது.

15,000 வெள்ளியும் அதற்கு மேலும் கடன் நின்றால், கடன் கொடுத்தவர் சட்டபூர்வக் கோரிக்கை அனுப்பலாம். 21 நாளில் பதில் இல்லையென்றால் திவால் மனு. 2020-ல் இதைத் தற்காலிகமாகத் தனிநபருக்கு 60,000, கம்பெனிக்கு 100,000 என்று உயர்த்தி, கெடுவை ஆறு மாதமாக்கினார்கள். அந்த ஏற்பாடு முடிந்தது. மீண்டும் 15,000, மீண்டும் 21 நாள். கடன் 150,000-க்குள் இருந்தால், திவாலாகாமல் ஐந்து ஆண்டு வரை தவணையில் அடைக்கும் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டத்துக்கு நீதிமன்றம் அனுப்பலாம். மசேநிதியில் இருக்கும் பணத்தைக் கடன் கொடுத்தவர் தொட முடியாது. குடிமகன் ஒருவராவது உரிமையாளராக இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடும் திவாலில் பறிபோகாது. ஆனால் அந்த வீட்டுக்கே கடன் கொடுத்தவர் கட்டாத தவணைக்கு வரலாம். தனியார் வீட்டுக்கு இந்த வேலி இல்லை.

அவசரப் பணத்துக்கு நம் வீடுகளில் நகை இருக்கும். அதை வெட்கமாக நினைத்து வேறிடம் போகிறார்கள், அது வேதனையான தவறு. உரிமம் பெற்ற அடகுக்கடை மாதம் 1.5 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது. மீட்க ஆறு மாதம். 5,000 வெள்ளிக்கு மாதம் 75. உரிமம் பெற்ற வட்டிக்கடையில் மாதம் 4 விழுக்காடு வரை, அதாவது 200. மேலும் தொடக்கத்திலேயே 10 விழுக்காடு வரை கட்டணம், 500. நகையில் போனால் நகையோடு போகும். குறுஞ்செய்தியில் கடன் தருகிறேன் என்று வருபவன் ஆலோங், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரன், பதில்கூடப் போடாதீர்கள்.

பங்குச் சந்தையிலும் இதே தேதிதான் ஆட்களை வீழ்த்துகிறது. 1985-ல் பேன்-எலெக்ட்ரிக் நிறுவனம் நொடித்தபோது, பின்னொரு தேதியில் இன்ன விலைக்குப் பங்கு வாங்கிக்கொள்கிறேன் என்ற முன்பேர ஒப்பந்தங்கள் தரகர்களை இழுத்துக்கொண்டு போகும் என்று பயந்து, டிசம்பர் 2 முதல் மூன்று நாள் பங்குச் சந்தையையே மூடினார்கள். 2008 டிசம்பரில் டிபிஎஸ் வங்கி, இரண்டு பங்குக்கு ஒன்று என 5.42 வெள்ளியில் உரிமைப் பங்கு (ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குத் தரும் புதுப் பங்கு) வெளியிட்டு 400 கோடி வெள்ளி திரட்டியது. மந்தத்தில் நல்ல நிறுவனங்களும் இப்படிக் கேட்கும். உரிமையை விற்பதற்கு ஒரு கெடு, பணம் கட்டுவதற்கு ஒரு கெடு. கடிதத்தைப் பிரிக்காமல் வைத்தவருக்கு இரண்டும் போய்விடும், பங்கும் நீர்த்துவிடும்.

மூட வேண்டி வந்தால்

மீளும் வழியில்லை என்று தாள் சொல்லிவிட்டால் அதற்கும் ஒரு வரிசை உண்டு. திருப்ப முடியாது என்று தெரிந்தபின் புதிதாகக் கடன் சரக்கு எடுத்தால், இயக்குநர் அந்தக் கடனுக்குத் தானே பொறுப்பாக நேரிடும். மச்சான் கொடுத்த கைமாற்றை மற்றவர்களுக்கு முன்னால் தீர்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் இயல்பாக வரும். கம்பெனி கலைப்புக்குப் போனால், உறவினர்போன்ற தொடர்புடையவர்களுக்கு முந்தைய இரண்டு ஆண்டில் காட்டிய சலுகையையும், மற்றவர்களுக்கு ஓராண்டில் காட்டியதையும் கலைப்பாளர் திரும்பப் பெற வழக்குப் போடலாம். மச்சானுக்கு நன்மை செய்யப்போய் அவரை நீதிமன்றத்துக்கு இழுத்ததாகும்.

பத்து பேராவது வேலை செய்யும் இடமாக இருந்தால், ஆட்குறைப்பு என்று ஊழியரிடம் சொன்ன ஐந்து வேலைநாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். கடைசிச் சம்பளத்துக்கான பணத்தை மூடும் முடிவெடுத்த அன்றே தனியாக எடுத்து வையுங்கள். வேலை அனுமதியில் இருக்கும் ஊழியரின் ஊர்ப் பயணச்சீட்டு முதலாளி செலவு. மலேசியர் அல்லாதவர் ஒவ்வொருவருக்கும் 5,000 வெள்ளி பிணைப்பத்திரம் நிற்கிறது, அனுமதியை ரத்து செய்து அவரை முறையாக அனுப்பிய பிறகே அது விடுபடும். ரத்து செய்யும் வரை தீர்வையும் ஓடிக்கொண்டே இருக்கும்.

வங்கியோடு கணக்குத் தீர்ந்ததும், உத்தரவாதத்திலிருந்து விடுவித்துவிட்டோம் என்று வங்கி எழுத்தில் தரும் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்திட்ட ஒவ்வொருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். பெயர் விட்டுப்போயிருந்தால் திருத்தி வாங்கிய பிறகே கோப்பை மூடுங்கள்.